நாம் என்று ஒரு சொல்

பதினோராம் வகுப்பு, மூன்றாம் பாடவேளை.
கோபிதன் எழும்பி வணக்கம் சொல்லத் தொடங்கினால்
கூரைத் தகரம் அதிரும்.
நடுவர்களுக்கு ஒன்று, அதிபருக்கு ஒன்று,
தமிழன்னைக்கு மூன்று.
தமிழ்த்தினப் போட்டியில் வலயத்தில் முதலாம் இடம் எடுத்தவன்.
ஐந்து நிமிடப் பேச்சில் மூன்று நிமிடம் வணக்கம்.
"இப்ப நான் எதை நம்பவேணும், கோபிதன்?"
அவன் கொப்பியைப் பார்த்தான்.
கொப்பியிலும் இல்லை.

வீட்டுவேலை கொடுத்தேன்:
உங்களை ஏதாவது செய்யவைத்த ஒரு பேச்சை
சொல்லுக்குச் சொல் எழுதிவாருங்கள்.
மீன்காரர் வந்தார். ரியூசன் நோட்டீஸ் வந்தது.
ஞாயிறு ஆராதனையில் குரலைத் தாழ்த்துகிற போதகர் வந்தார்.
தங்கச்சியின் சைக்கிளுக்காக ஒரு அண்ணன் அழுத அழுகை
மூச்சு விடும் இடம் உட்பட வந்தது.

சுலக்சி கொண்டுவந்தது
செவ்வாய்க்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் வருகிற
குழுக்கடன் பெடியனை.

"நாம் முன்னேற வேண்டாமா அக்கா?" இது முதல் நாள்.
"நாம் ஒரு குடும்பம் மாதிரி." கையெழுத்து வைத்த நாள்.
"நீங்கள்தானே வாங்கினீங்கள்." பதினேழாம் கிழமை,
படலைக்கு வெளியே, அயலுக்குக் கேட்க.

கரும்பலகையில் நாம் என்பதைச் சுற்றி வட்டம் போட்டாள்.
"ரீச்சர், எங்கட வீட்டில ஒருத்தரும் நாம் எண்டு கதைக்கிறேல்லை.
நாங்கள் எண்டுதான் சொல்லுறது.
இது எங்கையிருந்து வாறது?"

மேடையிலிருந்து, என்றேன்.
பிறகு கொஞ்ச நேரம் டஸ்ரரைத் தேடினேன்.
அது கையிலேயே இருந்தது.

இதே பள்ளிக்கூடம். அப்போது கிடுகு.
நானும் பதினோராம் வகுப்பு.
வந்தவருக்கு ஒலிவாங்கி தேவைப்படவில்லை,
குரலை உயர்த்தவுமில்லை.
இடையிடையே நிறுத்தினார்.
அந்த நிறுத்தங்களுக்குள் நாங்களே பேசி முடித்தோம்.
எத்தனை நாம் சொன்னார் என்று நான் எண்ணவில்லை.
எண்ணவேண்டும் என்று எனக்குத் தெரியாது.
என் வாங்கின் மற்ற அந்தத்தில் இருந்தவள்
கொம்பாஸ் பெட்டியை மூடிவைத்துவிட்டு எழும்பினாள்.
நல்ல பேச்சு.
இன்றைக்குப் புள்ளி போட்டாலும் இருபதுக்குப் பதினெட்டு போடுவேன்.
அதுதான் என் பயம்.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை.
கேட்போரை இணங்கவைத்தல் என்று பாடத்தில் இருக்கிறது.
இணங்காமல் இருப்பதற்கு அலகு இல்லை, புள்ளி இல்லை.
எல்லாக் கொப்பியிலும் இடப்பக்கம் ஒரு கோடு கீறவைத்தேன்.
கோட்டுக்கு அந்தப் பக்கம்:
ஆர் பேசுகிறார்?
நான் நம்பினால் ஆருக்கு ஆதாயம்?
வேண்டாம் என்று எழும்பினால்
கதவு திறந்திருக்கிறதா?

மாசிக் கடைசியில் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு
பஸ் டிப்போவுக்குப் போனேன்.
கற்சிலைமடுச் சந்தியில்
சீசன் ரிக்கற் பிள்ளைகளைக் கண்டால்
வேகம் எடுக்கிறது ஏழேகால் பஸ்.
முகாமையாளர் பத்து நிமிடம் தந்தார்.
கோபிதன் வணக்கத்தை ஒன்றாகக் குறைத்திருந்தான்,
அதுவும் மூன்று வரைவு கிழித்து.
சுலக்சி எழுதியதை மேசையில் கவிழ்த்துவிட்டுப் பேசினாள்.

"ஐயா, நாங்கள் பதினாலு பேர்.
போன மாசம் பதினொரு நாள் பஸ் நிக்கேல்லை.
திகதி இதில இருக்கு.
முதலாம் பாடம் கணிதம்."

நிறுத்தினாள்.
எனக்கு முதுகு சில்லிட்டது. அந்த இடத்தில் நிறுத்த
நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

மேசை விசிறி ஒருமுறை இந்தப் பக்கம் வந்து போனது.
"நாம் கட்டாயம் கவனிப்போம்" என்றார் அவர்.

நாலு பேர் ஒரேயடியாக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.
சுலக்சி பார்க்கவில்லை. பேனை மூடியைக் கழற்றினாள்.
"நாம் எண்டால் ஆர் ஐயா?
பேரைச் சொல்லுங்கோ, எழுதுறன்."

திங்கள் நின்றது. செவ்வாயும் நின்றது.
புதன்கிழமை கோபிதன் வேர்த்து ஒழுக
இரண்டாம் பாடத்துக்கு நடந்து வந்தான்,
உள்ளங்கையில் திகதி,
அதற்குக் கீழே ஒரு பெயர்.